‘வந்தானாம்’ என்பதை எப்படி எழுதுவது? புலனாய்வுப் பகுப்பாய்வுக்குப் புதிதாக வருவோருக்குத் திருகோணமலையில் இருந்து ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு பயிற்சி வரி. பாடத்துக்காகவே கோத்தது.

“வெள்ளி ராவு தாத்தா ஊட்டுல ரவை கொண்டு வந்து வெச்சிருக்காம்.”

வெளியூரில் படித்து வந்த ஒருவரிடம் இதைக் கொடுத்தால், ‘வெள்ளிக்கிழமை இரவு பாட்டனார் வீட்டில் துப்பாக்கி ரவைகள் பதுக்கப்பட்டன’ என்று எழுதித் தந்துவிடக்கூடும். திருகோணமலைக்கு அருகே, முஸ்லிம்கள் அதிகம் வாழும் கிண்ணியாவில் வளர்ந்தவர் இதை வேறு விதமாகப் படிப்பார்: வியாழன் பொழுதுபட்ட பிறகு, அக்கா வீட்டில், இனிப்புச் செய்ய ரவை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வரி ஒன்றுதான். முதல் வாசிப்பு ஒரு குடும்பத்தின் வீட்டு வாசலில் நள்ளிரவில் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தும்.

இந்தக் குறிப்பு களத்தில் உளவு பார்க்கப் போகிறவருக்கானதல்ல. மேசையில் இருந்து அறிக்கை வாசிப்பவர், மொழிபெயர்ப்பவர், வாக்குமூலத்தைச் சுருக்குபவர், முன்னெச்சரிக்கைப் பணியில் கிராமத் தகவல் சேர்ப்பவர் ஆகியோருக்கானது. தமிழ் தெரியும் என்பதற்காகவே இந்த வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் உண்டு. தமிழ் தெரிந்தால் போதும் என்ற நினைப்பில்தான் பிழை தொடங்குகிறது. திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். எந்தச் சமூகமும் பாதியைத் தொடவில்லை. கடற்படைத் தளமும் எண்ணெய்க் குதங்களும் துறைமுகமும் இங்கேதான். இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் நடந்துதான் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டும். பாதுகாப்பும் வழிபாடும் மீன்பிடியும் இத்தனை நெருக்கமாக இருக்கும் ஊரில், பண்பாட்டை அறியாத பகுப்பாய்வு நாள்தோறும் தடுக்கி விழும்.

பண்பாட்டு அறிவு என்றதும் செருப்பைக் கழற்றுவது, வலக்கையால் வாங்குவது போன்ற மரியாதைப் பட்டியலைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது தேவைதான், ஒரு நாளில் படித்துவிடலாம். பல மாதம் எடுப்பது வேறு மூன்று விஷயம்: ஒரு சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பொருள், ஒரு நடமாட்டம் அந்த மாதத்தில் வழமையா, ஒருவர் சொன்ன ‘ஓம்’ சம்மதமா பயமா. இவை தெரியாவிட்டால் இரண்டு கேடு சேர்ந்தே வரும். குற்றமற்றவர் பெயர் கோப்பில் ஏறும். உண்மையான ஆபத்து அந்தக் கோப்புக் குவியலுக்குள் புதைந்து போகும்.

படி 1: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

ஒரு தகவல் வந்ததும் மூன்று வரி எழுதப் பழகுங்கள். முதல் வரியில், பேசியவர் வாயில் வந்த சொற்கள் அப்படியே. எழுத்துத் தமிழுக்கு மாற்றக் கூடாது. ‘ஊட்டுல’ என்றால் ‘ஊட்டுல’ என்றே. இரண்டாம் வரியில் சொல்லுக்குச் சொல் பொருள். மூன்றாம் வரியில் உங்கள் விளக்கம், மாற்று விளக்கம் இருந்தால் அதுவும். தகவல் சிங்களத்துக்கும் பிறகு ஆங்கிலத்துக்கும் போகும்போது முதல் வரி கூடவே போக வேண்டும். பெரும்பாலான பிழைகள் நடப்பது தமிழில் அல்ல; மூல வாக்கியம் தொலைந்த பிறகு, இரண்டாவது மொழிபெயர்ப்பில் இருந்து மூன்றாவது மொழிபெயர்ப்புச் செய்யும்போதுதான்.

இப்போது பயிற்சி வரியைப் பிரித்துப் பார்ப்போம்.

‘தாத்தா’ என்பது இலங்கை முஸ்லிம்கள் பலர் வழக்கில் அக்கா; ‘ராத்தா’ என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அதே சொல் பாட்டன். சிங்களத்தில் அப்பா. ஒரே ஒலி, மூன்று தலைமுறை, இரண்டு பால். பேசியவர் யார் என்று தெரியாமல் இதை மொழிபெயர்க்கவே கூடாது. ‘மல்லி’ சிங்களத்தில் தம்பி, தமிழில் கொத்தமல்லி. ‘காக்கா’ முஸ்லிம் வழக்கில் அண்ணன்.

‘வெள்ளி ராவு’ இன்னும் சிக்கலானது. இஸ்லாமிய நாள் பொழுதுபடுவதோடு தொடங்குகிறது. ஆகவே முஸ்லிம்களின் பழைய வழக்கில் வெள்ளி இரவு என்பது மற்றவர்கள் வியாழன் இரவு என்று சொல்லும் இரவு. நேர அட்டவணை போடும்போது முழுதாக 24 மணித்தியாலம் தவறிப்போகும். இளையவர்கள் பலர் பொதுவழக்கையே பயன்படுத்துகிறார்கள் என்பதால் இதை ஊகித்து முடிவெடுக்க முடியாது. திகதியைக் கேட்டு எழுத வேண்டும். ‘கிழமை’ என்ற சொல்லும் இப்படித்தான். இலங்கையில் ‘வாற கிழமை’ என்றால் அடுத்த வாரம். இந்தியத் தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் அதை ஒரு நாளாக எடுத்துவிடுவார்.

‘ரவை’ இலங்கைத் தமிழில் சமையலறைப் பொருளும்தான், துப்பாக்கிக் குண்டும்தான். ‘கச்சான்’ கடலையும்தான், கிழக்கில் அடிக்கும் காற்றும்தான். ‘வெடி’ திருவிழாவிலும் உண்டு, வயலிலும் உண்டு, சட்டவிரோத மீன்பிடியிலும் உண்டு. ‘இயக்கம்’, ‘பொடியள்’ ஆகிய இரண்டும் போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களைக் குறித்தன. ‘பொடியள்’ என்று இன்று ஒரு தாய் சொன்னால், அநேகமாகத் தன் பிள்ளைகளையும் அவர்களுடைய கூட்டாளிகளையும் சொல்கிறார். போர்க்காலச் சொற்பட்டியலை வைத்து இன்றைய பேச்சைத் தேடினால், வீட்டுப் பேச்செல்லாம் சந்தேகப் பேச்சாகத் தெரியும்.

கடைசியில் நிற்கும் ‘ஆம்’. எங்கள் கணிப்பில் இந்த வேலையில் மிகவும் விலை உயர்ந்த அசை இதுதான். ‘வந்தான்’ என்றால் சொல்பவர் பொறுப்பேற்கிறார். ‘வந்தானாம்’ என்றால் கேள்விப்பட்டதைக் கடத்துகிறார். தமிழ் இதை வினையின் வாலிலேயே முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. சிங்களத்திலும் இதற்கு நேரான ‘லு’ உண்டு. ஆகவே தமிழில் இருந்து சிங்களத்துக்குப் போகும்போது இதைக் காப்பாற்ற முடியும், மொழிபெயர்ப்பாளர் கவனித்தால். ஆங்கிலத்தில் வினையோடு ஒட்டும் உருபு கிடையாது. தனிச் சொல் ஒன்றைத் தேடிப் போட வேண்டும். அவசரத்தில் அது விழுந்துவிடும். வதந்தி அந்த இடத்தில்தான் உண்மையாகிறது. அறிக்கையில் ஒவ்வொரு ‘ஆம்’ மீதும் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். வட்டம் உள்ள வரிக்கு ‘நேரில் கண்டவர் யார்’ என்ற கேள்விக்கான விடை ஓரத்தில் இருக்க வேண்டும். விடை இல்லாவிட்டால் அது கேள்விப்பட்ட செய்தி என்று மொழிபெயர்ப்பிலும் எழுத்தால் எழுதுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பொறி, எழுவாய் இல்லாத வாக்கியம். “வந்து கேட்டவை, பிறகு கூட்டிக்கொண்டு போனவை.” அதாவது, வந்து கேட்டார்கள், பிறகு கூட்டிக்கொண்டு போனார்கள். யார்? தமிழ் சொல்லாமல் விடும். போர்க்காலத்தில் சொல்லாமல் விடுவதே மக்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது. ‘ஆக்கள்’ (ஆட்கள்), ‘அவை’ (அவர்கள்) என்ற சொற்கள் அப்படித்தான் இவ்வளவு பாரமாயின. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் வேண்டும் என்பதற்காக ‘இராணுவம்’ என்றோ ‘பொலிஸ்’ என்றோ ‘ஆயுததாரிகள்’ என்றோ நீங்கள் நிரப்பினால், சாட்சி சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைக்கிறீர்கள். ‘சொல்லப்படவில்லை’ என்று எழுதுங்கள்.

நாளுக்கு ஐந்து சொல் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, எந்த ஊர், என்ன வயது, முழு வாக்கியம். மூன்று மாதத்தில் நானூறுக்குக் கிட்ட வரும். இணையத்தில் கிடைக்கும் எந்தச் சொற்பட்டியலும் இதற்கு ஈடாகாது.

படி 2: பெயர், உறவு, ஊர்

தொடர்பு வரைபடம் போடுபவர்கள் இங்கே நிறையத் தவறுகிறார்கள். ‘மச்சான்’, ‘அண்ணை’, ‘நானா’, ‘மாமா’ என்று அழைத்ததைக் கேட்டு இருவருக்கும் இடையே உறவுக்கோடு இழுத்துவிடுவார்கள். ஆட்டோக்காரரையும் ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுகிறோம். அழைப்புமுறைக்குப் புள்ளிக்கோடு, உறுதி செய்த இரத்த உறவுக்கும் கலியாண உறவுக்கும் முழுக்கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிக்கோட்டை வைத்து எவரையும் விசாரணைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

தமிழர் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. முன்னால் நிற்பது தகப்பன் பெயர். அதைக் குடும்பப் பெயராக எடுத்தால் அண்ணனும் தம்பியின் மகனும் வெவ்வேறு குடும்பமாகிவிடுவார்கள். முஸ்லிம் பெயர்கள் தமிழில் முகம்மது, முஹம்மத், முகமட் என்று பல விதமாக எழுதப்படுகின்றன; ஆங்கிலத்தில் இன்னும் பல. ஆகவே பெயர் பொருந்துகிறது என்பது ஒன்றுமே இல்லை. பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி, ஊர் நான்கில் குறைந்தது மூன்று பொருந்த வேண்டும். தேசிய அடையாள அட்டை எண் இருந்தால் அதுவே ஒரு சோதனை: பழைய எண்ணில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும். எண்ணும் பிறந்த திகதியும் முரண்பட்டால் எங்கோ எழுத்துப் பிழை இருக்கிறது, அல்லது ஆள் வேறு.

ஊர்ப் பெயர்களுக்கு மும்மொழி அட்டவணை ஒன்று வைத்திருங்கள். கந்தளாய் சிங்களத்தில் கந்தலே. திருகோணமலை திரிகுணாமலய. கிராம அலுவலர் பிரிவு வாரியாக எழுதுங்கள். பிரதேச செயலகத்தில் அந்தப் பெயர்கள் மும்மொழியிலும் இருக்கும்.

படி 3: வழமை எது என்று முதலில் எழுதுங்கள்

வழமை தெரியாதவருக்கு எல்லாமே அசாதாரணம். பெரிய தாள் ஒன்றில் குறுக்கே 12 மாதம், நெடுக்கே ஐந்து வரி போடுங்கள்: கடல், வயல், வழிபாடு, நினைவுநாள், அரசு. இதை நிரப்புவது முதல் மாத வேலை. மேசையில் இருந்து நிரப்ப முடியாது.

கடல் வரியில் இருந்து தொடங்குங்கள். வடகீழ்ப் பருவக் காற்றுக் காலத்தில், ஏறத்தாழ நவம்பர் முதல் ஜனவரி வரை, இந்தக் கரை கொந்தளிக்கும். தென்மேல் பருவக் காற்றில் மேற்குக் கரை கொந்தளிக்கும்போது இந்தக் கரை அமைதியாகும். அப்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் சிலர் படகோடும் குடும்பத்தோடும் கிழக்குக் கரைக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) அடித்துத் தங்குவார்கள். இது தலைமுறை வழக்கம். ஏப்ரல் மாதத்தில் ‘அறியாத முகங்கள், புதிய குடிசைகள், இரவில் படகு நடமாட்டம்’ என்று ஓர் அறிக்கை வந்தால், அதை எழுதியவருக்கு வாடி தெரியாது என்பதுதான் முதல் ஊகம். இதே வரியில் உண்மையான கவலையும் இருக்கிறது. கரை யாருக்கு, சுருக்குவலை போடலாமா, வெடி வைத்து மீன் பிடிப்பது யார் என்ற சண்டைகள் உள்ளூர்ப் பகையாக வளரக்கூடியவை. குடிசையைக் கண்டு பதறுபவர் இந்தச் சண்டையைக் காணாமல் விட்டுவிடுவார்.

வயல் வரியில் பெரும்போகம், சிறுபோகம், விதைப்பு, வெட்டு. கதிர் முற்றும் காலத்தில் கந்தளாய், தம்பலகாமம் பக்கத்தில் இரவில் வெடிச்சத்தம் கேட்கும். யானை விரட்ட விடும் ஆனை வெடி அது; வனசீவராசிகள் திணைக்களம் விவசாயிகளுக்குக் கொடுப்பதும் உண்டு. ‘இரவு 1 மணிக்கு மூன்று வேட்டுச் சத்தம்’ என்ற தகவல் ஜூலையில் வந்தால் முதலில் வயலையும், பிறகு காவல் பரணில் யார் இருந்தார் என்பதையும் கேளுங்கள்.

வழிபாட்டு வரி நீளமானது. கதிர்காமப் பாதயாத்திரை யாழ்ப்பாணத்தில் இருந்து கிழக்குக் கரையோரமாக இறங்கி, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு வழியாகப் போகும். வைகாசி, ஆனியில் தாடியும் காவி வேட்டியும் மூட்டையுமாக வெளியூர் ஆட்கள் கூட்டமாக நடந்து போவார்கள், கோயில் மண்டபங்களில் படுப்பார்கள். ஆடி அமாவாசையில் கடற்கரையில் விடியற்காலை கூட்டம். ரமழானில் நள்ளிரவுக்குப் பிறகும் வீதியில் ஆள் நடமாட்டம், சஹர் (நோன்பு தொடங்குமுன் உண்ணும்) நேரத்தில் வீடுகளில் விளக்கு. ஹிஜ்ரி ஆண்டு 354 அல்லது 355 நாள் என்பதால் ரமழான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். போன வருட அட்டவணையைப் பிரதி எடுத்தால் பிழைக்கும். போயா (பௌர்ணமி) நாளில் மதுக்கடை பூட்டு. முதல் நாள் பின்னேரம் அங்கே கூட்டம் என்பது அதன் மறுபக்கம்.

நினைவுநாள் வரியை மௌனமாக நிரப்புங்கள். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் 17 தொண்டு நிறுவனப் பணியாளர்கள். மே 18 (முள்ளிவாய்க்கால் நினைவுநாள்), நவம்பர் 27 (மாவீரர் நாள்), ஏப்ரல் 21 (உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்). இந்த நாள்களில் வீட்டில் விளக்கேற்றுவதும் கோயிலில், தேவாலயத்தில் கூடுவதும் துக்கம். துக்கத்தை அச்சுறுத்தலாகப் பதிவு செய்யும் மேசைக்கு அந்த ஊர் அதன் பிறகு எதையுமே சொல்லாது.

படி 4: யார் யாருக்காகப் பேசுகிறார்

‘முஸ்லிம் சமூகம் கருதுகிறது’, ‘தமிழ் மக்கள் கோபத்தில் உள்ளனர்’ போன்ற வாக்கியங்களை உங்கள் அறிக்கையில் இருந்து வெட்டிவிடுங்கள். யார்? கோயில் பரிபாலன சபையா, பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையா, விகாரையின் தாயக்க சபையா (விகாரையைப் பராமரிக்கும் பக்தர் சபை), மீனவர் சங்கமா, கமக்காரர் அமைப்பா, மாதர் சங்கமா? ஒரே ஊரில் மீனவர் சங்கத் தலைவரும் பள்ளிவாசல் தலைவரும் எதிரெதிராக நிற்கலாம். முஸ்லிம்களுக்குள் தரீக்கா (சூபி வழி), தப்லீக் (மார்க்க அழைப்பு), தவ்ஹீத் (ஏகத்துவச் சீர்திருத்தம்) ஆகியவை மூன்று வேறு போக்குகள், அவற்றுக்குள்ளும் பிரிவுகள். இவற்றை ஒரே பெட்டியில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போக வேண்டியதில்லை.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியாவில் இருந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே எச்சரிக்கை வந்திருந்தது, நடவடிக்கை வரவில்லை. அதற்கும் முன்னால், 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூபி வழியினர் தாக்கப்பட்டிருந்தார்கள். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் தலைவரைப் பற்றி அவருடைய ஊர் முஸ்லிம்களே பொலிஸில் முறையிட்டிருந்தார்கள். அந்தக் குரலின் எடை அதிகாரிகளுக்குப் புரியவில்லை. ‘அவர்களுக்குள் நடக்கும் மதச் சண்டை’ என்று ஒதுக்கும்போது, ஒரு சமூகம் தன் உள்ளே கண்டுபிடித்துக் கொடுத்த ஆபத்தை நாம் திருப்பிக் கொடுக்கிறோம்.

அதன் பிறகு நடந்தது மறுமுனைப் பிழை. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டார். அவர் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் சக்கரத்தைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். துறைமுக ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும் சுக்கான் சக்கரம் எது என்று. 2020 மே மாதம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். காரணமாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று ‘நவரசம்’ என்ற அவருடைய தமிழ்க் கவிதைத் தொகுப்பு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் உண்டு. ஒன்றரை ஆண்டுக்கும் மேல் அடைபட்டிருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில் நீதிமன்றம் விடுவித்தது. கவிதையில் ‘நான்’ என்று பேசுவது கவிஞர் அல்ல, பாத்திரமாக இருக்கலாம் என்று சொல்ல விசாரணை மேசையில் தமிழ் இலக்கியம் வாசிக்கும் ஒருவர் இருந்திருந்தால் போதும். பாட்டு, கவிதை, மேடைப் பேச்சு ஆகியவற்றை மதிப்பிடும்போது, அந்த மொழியில் இலக்கியம் படித்த இருவர் தனித்தனியாக வாசித்து எழுத வேண்டும். அதற்குக் குறைந்த எதையும் ஏற்காதீர்கள்.

படி 5: கேட்கும்போது

‘ஓம் ஐயா’ என்பது சம்மதம் அல்ல. ‘நீங்கள் சொல்வது கேட்கிறது’ என்று மட்டும் இருக்கலாம். அதிகாரியின் முன் ‘இல்லை’ என்று சொல்லப் பழகாத தலைமுறைகள் இவை. ஆகவே ஓம், இல்லை என்று விடை வரும் கேள்வியே கேட்காதீர்கள். ‘அவன் அங்கே போனானா?’ என்பதை விட ‘அன்றைக்குப் பின்னேரம் என்னென்ன நடந்தது?’ என்பது நூறு மடங்கு பயன் தரும். பத்து நிமிடம் கழித்து அதே நாளைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லக் கேளுங்கள். வீட்டில் பெண்களிடம் கேட்க வேண்டியிருந்தால் பெண் ஒருவர் போகட்டும். பாங்கு சொல்லும் நேரம், பூசை நேரம், செத்த வீடு ஆகியவற்றைத் தவிருங்கள். தேநீர் தந்தால் குடியுங்கள்.

வாக்குமூலம் சொன்னவரின் மொழியிலேயே எழுதப்பட்டு, வாசித்துக் காட்டப்பட்டு, அதன் பிறகுதான் கையொப்பம். இது சட்டத்துக்கான வெறும் சடங்கு அல்ல. சிங்கராசா என்ற தமிழரின் வழக்கில், அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் பெறப்பட்டது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு அதை நியாயமான விசாரணைக்கான உரிமை மீறல் என்று கண்டது. சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பகுப்பாய்வாளர் கண்ணால் பார்த்தாலும், அப்படிப் பெற்ற வாக்குமூலத்தில் தகவல் எதுவும் இல்லை. எழுதியவர் என்ன நினைத்தார் என்பது மட்டுமே அதில் இருக்கும்.

பேசியவரின் பாதுகாப்பு உங்கள் கையில். கோரா டு பொய்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1944–45இல் கண்டியில் இருந்து அமெரிக்கப் புலனாய்வின் தென்கிழக்காசிய ஆய்வுப் பிரிவை நடத்தினார். இந்த வேலைக்குப் பண்பாட்டறிவைக் கொண்டு வந்த முன்னோடிகளில் ஒருவர். போருக்கு முன் அவர் தங்கி ஆய்வு செய்த அலோர் தீவுக் கிராமத்தவர் சிலர், போரில் அமெரிக்காவே வெல்லும் என்று பேசியதற்காக ஜப்பானியப் படையால் கொல்லப்பட்டனர். அமெரிக்கா அவர்களுக்கு ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயர் அவரால் அங்கே அறிமுகமானது. சிறிய ஊரில் ‘மூதூரில் ஒரு ஆசிரியை’ என்று எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். தொழில், வயது, தெரு மூன்றில் ஒன்றுக்கு மேல் அறிக்கையில் வரக் கூடாது.

படி 6: ஒரே செய்தி மூன்று வாயில்

திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். அதில் 589ஆம் குறள், ஓர் ஒற்றரை மற்ற ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், மூவர் சொல் ஒத்தால் தெளியலாம் என்கிறது. மூன்று பேர் என்பதைப் பலர் நினைவு வைக்கிறார்கள். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் என்ற பாதிதான் உயிர். இன்று ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு மூன்று குழுக்களுக்குப் போய், மூன்று பேர் வாயால் உங்களிடம் வரும். மூன்று சாட்சி போலத் தெரியும், ஒன்றுதான். ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டு, பின்னோக்கிக் கோடு இழுங்கள். கோடுகள் ஒரே புள்ளியில் முட்டினால் எண்ணிக்கை ஒன்று.

உலகெங்கும் பழக்கத்தில் உள்ள தரமிடல் முறையில் மூலத்தின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை, தகவலின் உண்மைத்தன்மைக்கு 1 முதல் 6 வரை. எஃப், 6 இரண்டும் ‘மதிப்பிட முடியாது’. இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்: நல்ல மனிதர் தவறான செய்தி தரலாம், பொய்யர் உண்மை சொல்லலாம். சொன்னவரின் இனத்தையோ மதத்தையோ வைத்துத் தரம் ஏறவோ இறங்கவோ கூடாது. கோப்புகளைப் புரட்டிப் பார்த்தால் இது நடப்பது தெரியும். உங்கள் கடந்த இருபது தரமிடல்களை எடுத்து, சமூக வாரியாகப் பிரித்து, கூட்டிப் பாருங்கள்.

படி 7: மதிப்பீடு

1951இல் அமெரிக்க மதிப்பீட்டாளர்கள் யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நடக்கக் ‘கடுமையான சாத்தியம்’ உண்டு என்று எழுதினார்கள். அவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட் பிறகு தன் சகாக்களிடமே அந்தச் சொல்லுக்கு என்ன அளவு என்று கேட்டார். நூற்றுக்கு 20 என்றவரும் இருந்தார், 80 என்றவரும் இருந்தார். எல்லோரும் ஒப்பமிட்ட அறிக்கை அது. தமிழில் ‘இருக்கலாம்’, ‘போல’, ‘வாய்ப்புண்டு’, ‘பெரும்பாலும்’ ஆகியவற்றை இன்னும் தளர்வாகப் பயன்படுத்துகிறோம். அலுவலகத்தில் நான்கு சொல்லை மட்டும் தெரிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் எண் எல்லை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வேறு சொல் அறிக்கையில் வரக் கூடாது.

அடுத்து, நம்மைப் போலவே எதிராளியும் நினைப்பார் என்ற மயக்கம். வான்வலிமை சமமாகாமல் எகிப்து போருக்கு வராது என்று இஸ்ரேலியப் புலனாய்வு 1973இல் உறுதியாக நம்பியது, ஏனென்றால் இஸ்ரேல் அப்படித்தான் கணக்குப் போடும். எகிப்துக்கு முழு வெற்றி தேவைப்படவில்லை. சூயஸ் கால்வாயைக் கடந்து மானத்தை மீட்டால் போதும். ஒக்டோபர் 6 அன்று வந்தார்கள். நடவடிக்கைக்கு வைத்த பெயர் பத்ர். ரமழானில் நடந்த பழைய போரின் பெயர் அது. அன்று ரமழான் பிறை பத்து.

ஆகவே எந்த மதிப்பீட்டுக்கும் குறைந்தது மூன்று விளக்கம் எழுதுங்கள். அவற்றில் ஒன்றாவது குற்றமற்ற விளக்கமாக இருக்க வேண்டும். பிறகு, எந்தத் தகவல் வந்தால் எந்த விளக்கம் விழும் என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி. அதைத் தேடிப் போங்கள். உங்கள் விளக்கத்துக்குச் சாதகமானதைத் தேடினால் எப்போதும் கிடைக்கும்.

பயிற்சி வரிக்கு இப்போது எழுத வேண்டிய குறிப்பு இது:

மூலச் சொற்கள்: “வெள்ளி ராவு தாத்தா ஊட்டுல ரவை கொண்டு வந்து வெச்சிருக்காம்.”
சொன்னவர்: நேரில் கண்டவர் அல்ல, கேள்விப்பட்டது. கொண்டு வந்தவர் யார் என்று சொல்லப்படவில்லை.
நேரம்: வியாழன் இரவு அல்லது வெள்ளி இரவு. திகதியைத் திரும்பக் கேட்க வேண்டும்.
இடம்: முஸ்லிம் வழக்காயின் அக்கா வீடு. பேசியவரின் பேச்சு வழக்கை உறுதி செய்ய வேண்டும்.
விளக்கம் 1: வீட்டு விசேஷத்துக்கு ரவை. அந்த நாளில் மௌலூத், கந்தூரி, கலியாணம் இருந்ததா என்று ஊரில் கேட்க வேண்டும். இருந்தால் விளக்கங்கள் 2, 3 விழும்.
விளக்கம் 2: கடைச் சரக்கு, அயலவர் பொறாமையில் சொன்னது. சொன்னவருக்கும் அந்த வீட்டுக்கும் காணி, கடன் பிணக்கு உண்டா?
விளக்கம் 3: துப்பாக்கி ரவை. ஆதரிக்கும் தகவல் வேறு எதுவும் இல்லை.
தரம்: எஃப் 6.
நடவடிக்கை: திகதி கேட்பது மட்டும். எவருடைய பெயரும் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.